டேமேஜ் ஏறாத டிராகனுக்கு ரியாக்‌ஷன் மட்டும் போகுமா? (டி அண்ட் டி இம்யூனிட்டி விதிகள்)

#1 நீலவால்

வணக்கம். நாங்கள் ஆடுவது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி மேசையில் ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். போன ஆட்டத்தில் ஓர் இளம் நீல டிராகனிடம் வசமாக மாட்டிக்கொண்டோம். எங்கள் க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) அதன் வாய்க்கு எதிரே 9 எச்பியோடு (உயிர்ப்புள்ளி) நிற்கிறார். விலகினால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது விலகுபவர்மேல் எதிரி தன் ரியாக்‌ஷனை (தன் முறை வராதபோது செய்யும் பதில் செயல்) வைத்து அடிக்கும் அடி. கடி 2டி10+5 (இரண்டு பத்துமுகப் பகடை, கூட 5), அதற்கு மேல் மின்னல் 1டி10. பட்டால் அவர் பிழைப்பது சந்தேகம்தான். டிஸ்எங்கேஜ் (அந்த அடி வாங்காமல் விலகுவது) செய்தால் ஆக்‌ஷன் போய்விடும். அந்த ஆக்‌ஷன் 20 அடி தள்ளி விழுந்து கிடக்கும் ஃபைட்டரை எழுப்ப வேண்டும்.

என் விஸார்டிடம் ஷாக்கிங் கிராஸ்ப் என்ற மின்னல் ஸ்பெல் (மந்திரம்) இருந்தது. நீல டிராகனுக்கு மின்னல் டேமேஜ் ஏறாது என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு டேமேஜ் வேண்டாம், அதன் ரியாக்‌ஷனைப் பிடுங்கினால் போதும் என்று சொல்லித்தான் உருட்டினேன். மொத்தம் 24, அதன் ஏசி (அடி பட எட்டவேண்டிய எண்) 18. ஹிட். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கொஞ்சம் யோசித்துவிட்டு, "மின்னலே அதற்கு உறைக்கவில்லை, அப்புறம் எதனால் அது தடுமாறும்? ஒன்றும் ஆகவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். க்ளெரிக் நகர்ந்தார், டிராகன் கடித்தது, இப்போது தரையில் இரண்டு பேர்.

டிஎம்மோடு சண்டை எதுவும் இல்லை, நல்ல மனிதர். அடுத்த ஆட்டத்துக்கு முன் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். இம்யூனிட்டி (ஏதோ ஒன்று ஏறவே ஏறாத தன்மை) டேமேஜை மட்டும் தடுக்குமா, ஸ்பெல்லின் மற்ற விளைவுகளையும் சேர்த்துத் தடுக்குமா?

#2 இருபது_முகம்

ஐந்தாம் பதிப்பில் ரியாக்‌ஷன் போகும்.

ஷாக்கிங் கிராஸ்ப் சொல்வது இவ்வளவுதான்: ஹிட் ஆனால் இலக்குக்கு 1டி8 மின்னல் டேமேஜ், அதன் அடுத்த டர்ன் (ஆடும் முறை) தொடங்கும்வரை அது ரியாக்‌ஷன் எடுக்க முடியாது. இரண்டுமே "ஹிட் ஆனால்" என்பதற்குக் கீழே வருகின்றன. முதலாவது இரண்டாவதற்கு நிபந்தனை இல்லை. ஹிட் என்பது உருட்டிய எண் ஏசியைத் தொட்டதா என்பது மட்டும். டேமேஜ் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. பூஜ்யம் டேமேஜ் விழுந்தாலும் ஹிட் ஹிட்தான்.

இந்த மாதிரிக் கேள்வி வரும்போது நான் ஒன்றைத்தான் தேடுவேன்: அந்த விளைவைக் கிளப்பிவிடுவது எது? ஹிட்டா, சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றதா, அல்லது டேமேஜ் ஏறியதா? மூன்றாவதாக இருந்தால் மட்டுமே இம்யூனிட்டி அதையும் சேர்த்து நிறுத்தும்.

டேமேஜ் ஏறியாக வேண்டும் என்று எழுதியவர்கள் நினைத்த இடங்களில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ராட்சத சிலந்தியின் கடியைப் பாருங்கள். விஷ டேமேஜ் உங்களை 0 எச்பிக்குக் கொண்டுபோனால்தான் அந்த ஒரு மணி நேரப் பக்கவாதம். வைட் என்ற நடைபிணத்தின் லைஃப் டிரெயினில், சேவ் தோற்றால் எச்பி உச்சவரம்பு ஏறிய டேமேஜ் அளவுக்குக் குறையும். டேமேஜ் பூஜ்யம் என்றால் குறைவதும் பூஜ்யம். வாம்பிரிக் டச் ஸ்பெல்லும் அப்படித்தான், ஏறிய நெக்ரோடிக் (உயிரை உறிஞ்சும் வகை) டேமேஜில் பாதி உங்களுக்கு எச்பியாகத் திரும்பும். நெக்ரோடிக் ஏறாத ஸ்பெக்டர் என்ற பேயைத் தொட்டால் கை குளிர்ந்ததுதான் மிச்சம்.

ஷாக்கிங் கிராஸ்ப்பில் அந்த மாதிரி வார்த்தை ஒன்றும் கிடையாது. ஆகவே போகும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தத் தடை டிராகனின் அடுத்த டர்ன் தொடங்கும்வரைதான். உங்கள் டர்னுக்கும் டிராகனின் டர்னுக்கும் நடுவில் க்ளெரிக்கின் டர்ன் வந்தால்தான் இந்த உத்தி செல்லும்.

#3 குகைக் காவலன்

நான் டிஎம் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன்.

புத்தகத்தை வரிவரியாகப் பிரித்தால் மேலே சொன்னது சரியாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரியாக்‌ஷன் ஏன் போகிறது? மின்சாரம் உடம்புக்குள் பாய்ந்து தசை இழுத்துக்கொள்கிறது, அதனால். மின்னலையே மூச்சாக விடும் மிருகத்துக்குள் அது எப்படிப் பாயும்? காரணத்தை வெட்டிவிட்டு விளைவை மட்டும் ஒட்டவைக்கச் சொல்கிறீர்கள். நான் மேசையில் அதைக் கதையாகச் சொல்லியாக வேண்டும். "நீ தொட்டாய், அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை, ஆனாலும் அது செயலற்று நிற்கிறது" என்று சொன்னால் என் ஆட்டக்காரர்களே சிரிப்பார்கள்.

வெள்ளை டிராகனும் அப்படித்தான். பனிக்கட்டிமேல் தடையில்லாமல் ஓடுகிற மிருகம். அதன்மேல் ரே ஆஃப் ஃப்ராஸ்ட் என்ற குளிர்க் கதிர் ஸ்பெல் பட்டு, குளிரில் விறைத்து அதன் வேகம் 10 அடி குறைகிறது என்கிறீர்கள். அடுத்தது மீனைத் தண்ணீரில் முக்கி மூச்சுத்திணற வைப்பீர்களா?

#4 பழைய பகடை

இந்தச் சண்டை ஐந்தாம் பதிப்புக்கு முன்பே பிறந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

2003-ல் வந்த 3.5 பதிப்பில் டேமேஜ் ரிடக்‌ஷன் என்று ஒன்று உண்டு. அது ஓர் அடியின் டேமேஜை முழுவதுமாக விழுங்கிவிட்டால், அந்த அடியோடு வரும் பெரும்பாலான சிறப்பு விளைவுகளும் சேர்ந்தே போய்விடும் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். எடுத்துக்காட்டும் அங்கேயே உண்டு: காயம் வழியாக ஏறும் விஷம், காயம் வழியாகத் தொற்றும் நோய், மங்க்கின் (கைகாலால் அடிக்கும் துறவி) ஸ்டன் (எதிரியைச் செயலிழக்க வைப்பது). ஆனால் தொட்டாலே போதும் என்கிற டச் அட்டாக், அடியோடு சேர்ந்து வரும் நெருப்பு, குளிர் டேமேஜ், எனர்ஜி டிரெயின் ஆகியவற்றை அது தடுக்காது. மூச்சில் ஏறும் விஷத்தையும் தடுக்காது. கத்தி தோலைக் கிழிக்காதபோது கத்தி நுனியில் இருந்த விஷம் எப்படி உள்ளே போகும் என்பதுதான் தர்க்கம். குகைக் காவலன் கேட்பதும் அதே தர்க்கம்தான். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு காலத்தில் அது அச்சிட்ட விதி.

நான்காம் பதிப்பு அதை மாற்றிப் போட்டது. 2010-ல் வந்த ரூல்ஸ் காம்பெண்டியத்தில், ஒரு பவரின் (அந்தப் பதிப்பில் ஸ்பெல், சிறப்பு அடி எல்லாவற்றுக்கும் பெயர்) ஒரு பகுதிக்கு இம்யூனிட்டி இருப்பதால் மற்றப் பகுதிகளுக்கும் இம்யூனிட்டி வந்துவிடாது என்று எழுதி, இடி டேமேஜும் தள்ளலும் சேர்ந்த பவரை எடுத்துக்காட்டாகக் கொடுத்தார்கள். இடி ஏறாதவனுக்கு டேமேஜ் இல்லை, தள்ளல் உண்டு.

ஐந்தாம் பதிப்பு இரண்டில் எதையுமே பொதுவிதியாக எழுதவில்லை. 2014 ஆட்டக்காரர் கையேட்டில் ரெசிஸ்டன்ஸ் (பாதி டேமேஜ்), வல்னரபிலிட்டி (இரட்டை டேமேஜ்) இரண்டுக்கும் பத்தி உண்டு. இம்யூனிட்டிக்கு விளக்கம் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். அதனால்தான் மேசைக்கு மேசை தீர்ப்பு மாறுகிறது. சோம்பலான எழுத்து என்பது என் கருத்து.

#5 இருபது_முகம்

> காரணத்தை வெட்டிவிட்டு விளைவை மட்டும் ஒட்டவைக்கச் சொல்கிறீர்கள்.

காரணம் என்ன என்று ஸ்பெல் எங்கேயும் சொல்லவில்லையே. தசை இழுத்துக்கொள்கிறது என்பது நீங்கள் சேர்த்த கதை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும், ஆனால் அது விதி இல்லை. கண் கூசும் பொறி தெறித்தது என்று நான் சொன்னால் டிராகனின் தோல் எதைத் தாங்கினாலும் ரியாக்‌ஷன் போகத்தான் செய்யும். இடியால் அடித்துத் தள்ளும் தண்டர்வேவ் ஸ்பெல் இன்னும் எளிது. குண்டு துளைக்காத சட்டை போட்டவனுக்குக் காயம் ஆகாது, ஆனாலும் குண்டின் வேகத்தில் பின்னால் தடுமாறுவான்.

உங்கள் பக்கத்துக்கு உண்மையிலேயே தலைவலி தரும் ஸ்பெல் சில் டச். 2014 வடிவத்தை எடுத்துப் பாருங்கள். ஹிட் ஆனால் 1டி8 நெக்ரோடிக், உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை இலக்கு எச்பி திரும்பப் பெற முடியாது. அதற்குக் கீழே ஒரு தனி வாக்கியம்: இலக்கு அன்டெட் (செத்தும் நடமாடுவது) ஆக இருந்தால், உங்கள் அடுத்த டர்ன் முடியும்வரை உங்களைத் தாக்கும்போது அதற்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது).

இப்போது அன்டெட் பட்டியலைப் புரட்டுங்கள். ஷேடோ, ஸ்பெக்டர், ரெய்த், கோஸ்ட் எல்லாவற்றுக்கும் நெக்ரோடிக் இம்யூனிட்டி. வைட், லிச் இரண்டுக்கும் ரெசிஸ்டன்ஸ். அன்டெட்டுக்கு என்றே ஒரு வரி எழுதிவிட்டு, அன்டெட்டில் இத்தனை பேருக்கு அது செல்லாது என்று வைத்துக்கொண்டால் அந்த வரியை எழுதியதற்கு என்ன அர்த்தம்? பேயை விரட்டத்தான் அந்தக் கை. பேய்க்கே பிடிக்காது என்றால் யாருக்குப் பிடிக்கும்?

ஸ்டாட் ப்ளாக்கும் (மிருகத்தின் விவரப் பட்டியல்) இதையே சொல்கிறது. எலும்புக்கூட்டுக்கு டேமேஜ் இம்யூனிட்டி வரியில் விஷம். கண்டிஷன் (உடல், மன நிலை) இம்யூனிட்டி வரியில் எக்ஸாஸ்ஷன் (களைப்பு), அதோடு பாய்ஸன்ட் (விஷம் ஏறிய நிலை). பச்சை டிராகனுக்கும் இரண்டு இடத்திலும் எழுதியிருக்கும். விஷ டேமேஜ் ஏறாது என்பதிலேயே பாய்ஸன்ட் ஆகாது என்பதும் அடக்கம் என்றால் இரண்டாவது வரியை எதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்தார்கள்?

#6 ஆறாவது விரல்

டி அண்ட் டி மாதிரியே இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டர், அதன் இரண்டாம் பதிப்பு ஆடுபவன். உங்கள் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தேன், ஆனால் இங்கே சொல்ல ஒன்று இருக்கிறது.

2019-ல் எங்கள் ஆட்டம் வந்தபோது ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் தலையில் டிரெய்ட் என்று சில அடையாளச் சொற்கள் குத்தியிருந்தார்கள். நெருப்பு, குளிர், விஷம், மனம், மரணம் என்று. உங்களுக்குக் குளிர் இம்யூனிட்டி இருந்தால் குளிர் என்று டிரெய்ட் போட்ட விளைவே உங்களை அண்டாது, டேமேஜ் மட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தின் ரே ஆஃப் ஃப்ராஸ்ட்டில் கிரிட்டிக்கல் ஹிட் ஆனால் வேகம் 10 அடி குறையும். குளிர் ஏறாத மிருகத்துக்கு அதுவும் குறையாது. குகைக் காவலன் எங்கள் பக்கம் வந்துவிடலாம், நாற்காலி காலியாக இருக்கிறது.

ஆனால் இங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. நெருப்பும் அமிலமும் சேர்ந்த ஸ்பெல் என்றால், நெருப்பு ஏறாதவனுக்கும் அமில டேமேஜ் ஏறும் என்று விதியே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. அந்த ஸ்பெல்லில் தள்ளலும் இருந்தால் அது நெருப்பின் தள்ளலா, அமிலத்தின் தள்ளலா? அங்கே எங்கள் ஜிஎம்மும் தலையைச் சொறிகிறார்.

நான் சொல்லவந்தது, முழு விளைவையும் தடுக்கவேண்டும் என்று நினைத்தால் அதற்கு இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஐந்தாம் பதிப்பு ஸ்பெல்களின் தலையில் நெருப்பு, குளிர் என்று எதுவும் எழுதியில்லை. டேமேஜ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும்தான் அது வருகிறது. அதனால் இம்யூனிட்டிக்குப் பிடித்துக்கொள்ள வேறு இடமே கிடையாது.

#7 குகைக் காவலன்

சில் டச் நல்ல அடி, அதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன், ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 புத்தகம் வந்த பிறகு விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை.

ஒன்று, நீங்கள் பிடித்துத் தொங்கிய அந்த அன்டெட் வரியையே எடுத்துவிட்டார்கள். சில் டச் இப்போது தொட்டு அடிக்கும் 1டி10 ஸ்பெல், எச்பி திரும்பாது என்பது மட்டும் மிச்சம்.

இரண்டு, இம்யூனிட்டிக்கு இப்போது அருஞ்சொல் பட்டியலில் விளக்கம் வந்துவிட்டது. ஒரு டேமேஜ் வகைக்கோ கண்டிஷனுக்கோ உங்களுக்கு இம்யூனிட்டி இருந்தால் அது உங்களை எந்த விதத்திலும் பாதிக்காது என்கிறது. "டேமேஜ் ஏறாது" என்று நிறுத்தவில்லை. எந்த விதத்திலும்! ஷாக்கிங் கிராஸ்ப்பில் மின்னலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

மூன்று, புதிய மான்ஸ்டர் மேனுவலில் (மிருகங்களின் புத்தகம்) டேமேஜ், கண்டிஷன் என்று இரண்டு வரி கிடையாது. இம்யூனிட்டி என்று ஒரே வரி.

#8 இருபது_முகம்

அந்த வாக்கியத்தில் பாதிக்காதது எது? டேமேஜ் வகை. ஸ்பெல் இல்லை. மின்னல் டேமேஜ் உங்களை எந்த விதத்திலும் பாதிக்காது, சரி. ரியாக்‌ஷன் இழப்பது மின்னல் டேமேஜா? இல்லையே. ஸ்பெல்லையே தடுக்கவேண்டும் என்றால் "அந்த வகை டேமேஜ் தரும் ஸ்பெல்களும் விளைவுகளும்" என்று எழுதியிருப்பார்கள்.

ஒரே வரி என்பதும் முழு உண்மை இல்லை. எலும்புக்கூட்டை எடுங்கள்: விஷம், அப்புறம் ஓர் அரைப்புள்ளி, அப்புறம் எக்ஸாஸ்ஷன், பாய்ஸன்ட். டேமேஜ் அரைப்புள்ளிக்கு முன்னால், கண்டிஷன் பின்னால். இடம் மிச்சப்படுத்தினார்கள், பட்டியலைச் சுருக்கவில்லை.

2024 ஆட்டத்தில் நீலவாலுக்கு வேறொரு மாற்றம்தான் முக்கியம். புதிய ஷாக்கிங் கிராஸ்ப் ரியாக்‌ஷன் முழுவதையும் பிடுங்காது, ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கை மட்டும் நிறுத்தும். எதிரி விஸார்ட் ரியாக்‌ஷனாகப் போடும் கவுண்டர்ஸ்பெல்லை (எதிர்மந்திரம்) முடக்க இதைப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு அது நட்டம். நீலவாலின் க்ளெரிக்குக்கு இரண்டு பதிப்பிலும் ஒரே பலன்.

#9 பாட்டுக்காரி

பார்ட் (மந்திரப் பாடகர்) ஆடுகிறேன். நீங்கள் யாரும் என் கேஸைத் தொடவில்லை.

ஒரு பாழடைந்த மாளிகை. நடைபாதையில் நின்றிருந்த இரும்புக் கவசம் தானே நடந்து வருகிறது, அனிமேட்டட் ஆர்மர். நான் விஷியஸ் மாக்கரி என்ற திட்டு ஸ்பெல் போட்டேன். அதற்கு சைக்கிக் (மனத்தைத் தாக்கும்) டேமேஜ் இம்யூனிட்டி, எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது அதன் அடுத்த அடிக்கு டிஸ்அட்வான்டேஜ். விஸ்டம் சேவ் தோற்றால் 1டி4 சைக்கிக் டேமேஜும் அடுத்த அட்டாக்கில் டிஸ்அட்வான்டேஜும் என்று எழுதியிருக்கிறது. அதன் விஸ்டம் 3. சேவ் தோற்றது. இலக்குக்கு என் பேச்சு காதில் விழுந்தால் போதும், புரியவேண்டும் என்று அவசியமில்லை என்றும் ஸ்பெல்லிலேயே இருக்கிறது.

டிஎம் கேட்டார்: "உள்ளே ஆளே இல்லாத தகரத்தை நீ திட்டினாய். அது எதற்காக மனம் நோகும்?" நான் சொன்னேன்: "துருப்பிடித்தவனே என்றுதான் திட்டினேன், நியாயமான இடத்தில் பட்டிருக்கும்." மேசையே சிரித்தது, டிஸ்அட்வான்டேஜும் கிடைத்தது. ஆனால் சிரிப்புக்காகக் கொடுத்தாரா, விதிக்காகக் கொடுத்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

#10 குகைக் காவலன்

பார்த்தீர்களா? இதற்குத்தான் நான் அப்போதே சொன்னேன்.

#11 இருபது_முகம்

விதிப்படி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சேவ் தோற்றதுதான் அங்கே கிளப்பிவிடுவது. அந்தக் கவசத்தின் கண்டிஷன் இம்யூனிட்டி பட்டியல் நீளமானது. சார்ம்ட், ஃப்ரைட்டன்ட் எல்லாம் உண்டு. ஆனால் டிஸ்அட்வான்டேஜ் ஒரு கண்டிஷன் கிடையாது, அதனால் அந்தப் பட்டியலும் உதவிக்கு வராது.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், என் மேசையில் இதை மட்டும் டிஎம் மறுத்தால் நான் வாதாட மாட்டேன். டிராகனின் ரியாக்‌ஷன் வேறு விஷயம். அதற்கு உடம்பு உண்டு, கண் உண்டு, பொறி தெறித்தால் திரும்பும். காலிக் கவசத்துக்குள் திட்டை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. விதி ஒன்றாக இருந்தாலும் கதையில் இரண்டும் ஒரே கனம் இல்லை.

#12 சும்மா வந்தவன்

புதியவன், மன்னிக்கவும். எங்கள் குழுவில் ரே ஆஃப் சிக்னஸ் என்ற விஷ ஸ்பெல்லை ஜாம்பிமேல் போட்டபோது டிஎம் முழுவதும் வீண் என்றார். மேலே நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாய்ஸன்ட் ஆகியிருக்க வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. நெருப்பு ஏறாத எதிரி கான்சன்ட்ரேஷனில் (ஒரு ஸ்பெல் கலையாமல் மனம் குவித்துப் பிடித்திருப்பது) இருக்கும்போது ஃபயர்பால் போட்டால் அவர் கான்சன்ட்ரேஷன் சேவ் உருட்ட வேண்டுமா?

#13 பழைய பகடை

மன்னிப்பு எதற்குத் தம்பி, நல்ல கேள்வி.

ஜாம்பிக்கு உங்கள் டிஎம் சொன்ன முடிவு சரி. ஆனால் காரணம் விஷ டேமேஜ் இம்யூனிட்டி இல்லை. பாய்ஸன்ட் என்ற கண்டிஷனுக்கே ஜாம்பிக்குத் தனி இம்யூனிட்டி உண்டு. விஷத்தில் மட்டும் இந்த இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும், அதனால் எந்தக் கொள்கையை வைத்தாலும் விடை ஒன்றுதான். ஸ்டிங்கிங் க்ளவுட் என்ற நாற்றப்புகை ஸ்பெல்லில் இன்னும் தெளிவு. மூச்சு விடத் தேவையில்லாதவையும் விஷத்துக்கு இம்யூனிட்டி உள்ளவையும் சேவில் தானாகவே தேறிவிடும் என்று 2014 புத்தகத்தில் ஸ்பெல்லுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். எல்லா ஸ்பெல்லிலும் இப்படி ஒரு வரி போட்டிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம். டேமேஜ் ஏறினால்தான் கான்சன்ட்ரேஷன் சேவ். ஏறவில்லை, உருட்டவேண்டியதும் இல்லை.

இதே கணக்கில் வாட்டர் எலிமென்டலையும் பாருங்கள். 2014 வடிவத்தில், அதற்குக் குளிர் டேமேஜ் ஏறினால் பாதி உறைந்து வேகம் 20 அடி குறையும். அங்கே "ஏறினால்" என்றே எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அந்த டேமேஜ் பூஜ்யமானால் உறையாது. குளிரால் வேகம் குறைவது இங்கும் உண்டு, ரே ஆஃப் ஃப்ராஸ்ட்டிலும் உண்டு. கிளப்பிவிடுவது மட்டும் வேறு.

#14 பழைய பகடை

தொடர்ச்சி, மேலே மங்க்கைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டேன். பதிப்புகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று இதில்தான் நன்றாகத் தெரியும்.

2014 மங்க், 5-ஆம் நிலை. ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அந்த நிலையில்தான் கிடைக்கிறது. கைகால் அடி மந்திர அடியாகக் கணக்காவது 6-ஆம் நிலையில்தான். நடுவில் இந்த ஒரு நிலையில் வேர்வுல்ஃப் (ஓநாய் மனிதன்) எதிரே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரமோ வெள்ளியோ இல்லாத அடி எதுவும் அதற்கு ஏறாது. மங்க் குத்துகிறார், ஏசியைத் தாண்டுகிறது, டேமேஜ் பூஜ்யம். ஆனால் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் "ஹிட் செய்தபோது" என்றுதான் கேட்கிறது. ஒரு கீ புள்ளி (மங்க்கின் உள்சக்தி) செலவழித்தால் வேர்வுல்ஃப் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டவேண்டும், தோற்றால் ஸ்டன். வெள்ளிக் கத்தி வைத்திருக்கும் ரோக் பக்கத்தில் நின்றால் அன்றைக்கு வேர்வுல்ஃபுக்குக் கெட்ட நாள்.

அதே மங்க் 3.5-ல் என்றால் ஸ்டன்னிங் ஃபிஸ்ட், உங்கள் கையடியால் டேமேஜ் ஏறிய எதிரியைத்தான் சேவ் உருட்ட வைக்கும். டேமேஜ் ரிடக்‌ஷன் விழுங்கிவிட்டால் ஸ்டன்னும் போச்சு.

ஆனால் அதே வேர்வுல்ஃபை விஷம் தடவிய சாதாரண அம்பால் எய்தால் ஐந்தாம் பதிப்பிலும் ஒன்றும் ஆகாது. காயம் வழி விஷத்துக்கு, விஷம் தடவிய ஆயுதத்தால் வெட்டு டேமேஜோ குத்து டேமேஜோ ஏறியிருக்கவேண்டும் என்று 2014 டிஎம் கையேடு கேட்கிறது. ஆக, கத்தி நுனி விஷம் பற்றிய பழைய தர்க்கம் செத்துப்போகவில்லை. பொதுவிதியாக இருந்தது இப்போது அந்தந்தப் பொருளின் விளக்கத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

#15 குகைக் காவலன்

சரி, எனக்குப் பிடித்த கேஸை நானே வைக்கிறேன். ஸ்டார்ம் ஜயன்ட். மின்னல், இடி இரண்டும் ஏறாது. ஹ்யூஜ் அளவு. முதல் நிலை தண்டர்வேவ் போட்டு அவன் கான்ஸ்டிட்யூஷன் சேவ் தோற்றால் 10 அடி பின்னால் போவானா? இடியோடு பிறந்தவன், இடி தள்ளிப் போகிறானா?

#16 ஆறாவது விரல்

போவான். தண்டர்வேவில் அளவுக்கு வரம்பு இல்லை என்றுதான் நீங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்வீர்கள். அவன் கான்ஸ்டிட்யூஷன் சேவ் +10, தோற்பதே அபூர்வம். தோற்றால் கொண்டாடிவிட்டுப் போங்கள்.

#17 குகைக் காவலன்

என் மேசையில் நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம். தள்ளல், ரியாக்‌ஷன் போவது, எச்பி திரும்பாதது மாதிரி உடம்பையோ சூழலையோ சேர்ந்த விளைவுகளை இம்யூனிட்டி இருந்தாலும் விட்டுவிடுகிறேன். மனத்தைத் தொட்டு வரும் விளைவு, தொட மனமே இல்லாத பொருள் என்றால் மட்டும் நிறுத்துகிறேன். ரே ஆஃப் ஃப்ராஸ்ட்டுக்கு, குளிரில் விறைக்கவில்லை, காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டது என்று கதையை மாற்றிக்கொள்கிறேன். வெள்ளை டிராகனானாலும் காலில் கட்டி ஒட்டினால் இழுத்துத்தான் நடக்கும். முதல் ஆட்டத்திலேயே இதை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். விஸார்ட் ஒருவர் தன் கேன்ட்ரிப்பை (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு ஸ்பெல்) நம்பித் திட்டம் போட்டு, டர்னைச் செலவழித்த பிறகு தீர்ப்புச் சொல்வது எனக்கும் பிடிக்காது. நீலவாலின் மேசையில் நடந்ததில் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். உருட்டுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது செய்திருப்பார்.

#18 நீலவால்

எல்லோருக்கும் நன்றி. டிஎம் முழு இழையையும் படித்துவிட்டார். குகைக் காவலன் சொன்ன பிரிவினை அவருக்குப் பிடித்துவிட்டது, ஷாக்கிங் கிராஸ்ப் இனி நீல டிராகனிலும் பிடிக்கும். நடந்து முடிந்த சண்டையைத் திருப்பி ஆடப்போவதில்லை, க்ளெரிக் டெத் சேவ் (பிழைப்பாரா, சாவாரா என்று உருட்டும் பகடை) உருட்டிக்கொண்டிருக்கிறார்.

கூடவே ஒரு கெட்ட செய்தியும் சொன்னார், அந்த இளம் டிராகனுக்கு அம்மா இருக்கிறதாம். அடல்ட். இப்போதைக்கு அதன் கண்ணிலேயே படாமல் இருப்பதுதான் எங்கள் திட்டம். ஒருவேளை பட்டுவிட்டால் இதே உத்தி அதற்கும் செல்லும்தானே?

#19 இருபது_முகம்

பாதிதான் செல்லும். ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் நிற்கும். ஆனால் அடல்ட்டுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் (மற்றவர் டர்ன் முடிந்ததும் செய்யும் கூடுதல் செயல்) உண்டு, அது ரியாக்‌ஷன் கணக்கில் வராது. க்ளெரிக் விலகி டர்ன் முடிந்த கையோடு வாலால் அடிக்கும். வால் 15 அடி எட்டும், அதற்கு வெளியே போய் டர்னை முடிக்கச் சொல்லுங்கள். சிறகடியையும் மறக்காதீர்கள். அதற்கு இரண்டு லெஜண்டரி ஆக்‌ஷன் செலவாகும், 10 அடிக்குள் நிற்பவர்கள் எல்லோரும் சேவ் உருட்டவேண்டும். அதற்குப் பிறகு பறந்து கிட்டேயும் வந்துவிடும்.

#20 பாட்டுக்காரி

எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டீர்கள், அதனால் ஒன்றைக் கிளறிவிட்டுப் போகிறேன். ஹீட் மெட்டல், உலோகத்தைப் பழுக்கச் சூடாக்கும் ஸ்பெல். நெருப்பு ஏறாத எதிரி இரும்புக் கவசம் போட்டிருக்கிறார். பொருளைப் பிடித்திருப்பவரோ அணிந்திருப்பவரோ டேமேஜ் வாங்கினால் சேவ் உருட்டவேண்டும், தோற்றால் முடிந்தால் பொருளைப் போட்டுவிடவேண்டும் என்பது முதல் வாக்கியம். இவருக்கு டேமேஜ் இல்லை, அதனால் சேவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்த வாக்கியம் தனியாக நிற்கிறது: பொருளைப் போடாவிட்டால் அட்டாக்குக்கும் எபிலிட்டி செக்குக்கும் டிஸ்அட்வான்டேஜ். அவர் போடவில்லையே!

#21 இருபது_முகம்

அந்த இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் தொடர்ச்சி. சேவ் உருட்டவேண்டிய நிலைக்கு வந்தவரைப் பற்றித்தான் பேசுகிறது.

#22 பாட்டுக்காரி

"ஸ்பெல் எழுதியதை மட்டும் செய்யும்" என்று மேலே முழுக்க வாதாடியவர் நீங்கள். "தொடர்ச்சி" என்று எங்கே எழுதியிருக்கிறது?

#23 பழைய பகடை

இதற்கு வேறு இழை திறங்கள், இங்கே வேண்டாம். திறந்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் பாட்டுக்காரி பக்கம்.